சமான ஜோடிகள்

தர்கான். ஜனவரி முப்பத்தொன்று, இரவு எட்டரை.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
மூன்றாம் மாடியில் என் கால்குலேட்டரில்
கழித்தல் பொத்தான் மட்டும் உறைந்துபோய் ஒட்டிக்கொள்கிறது.

முடிந்த பூட்ஸ் ஆயிரத்து இருநூறு ஜோடி.
பெட்டிக்குள் போய்விட்டவை தொல்லை தருவதில்லை.
கீழ்த்தளத்தில் கிடக்கும் எண்ணூறு ஜோடிதான் வழக்கு:
அவை கம்பளியும் இல்லை, இன்னும் பூட்ஸும் இல்லை.

கம்பளியை முதல் மேசையிலேயே
எடை போட்டுக் கொட்டிவிடுகிறார்கள்.
ஆகவே கம்பளியின் ஏட்டில் எண்ணூறும் முழு ஜோடி.
கூலியின் ஏட்டில், நீராவியின் ஏட்டில்
அதே எண்ணூறு, நாற்பது சதவீதம்,
முந்நூற்று இருபது ஜோடியாகச் சுருங்கிவிடும்.
ஒரே பொருளுக்கு இரண்டு வயது.
இதில் யாருக்கும் வெட்கமில்லை.

லுவ்சன்தோர்ஜ் கதவைத் தட்டாமல் வந்தார்.
சட்டையில் ஈரக் கம்பளி வாடை.
"ஜோடி முப்பத்தைந்தாயிரம் துக்ரிக் என்று போனால்
தலைமையகம் இரவு முறையை நிறுத்திவிடும்.
முப்பத்து நான்கு வேண்டும். ஐம்பது என்று போடுங்கள்."

போட்டுப் பார்த்தேன்.
முந்நூற்று இருபது நானூறாகிறது,
வகுக்கும் எண் ஆயிரத்து அறுநூறாகிறது,
விலை சரியாக முப்பத்து நான்காயிரத்தில் வந்து உட்காருகிறது,
சொல்லிவைத்தாற்போல.
அந்த எண்பது ஜோடியை
யார் காலில் மாட்டுவது?
பிப்ரவரி வந்து கேட்குமே.

"நாற்பது மட்டும் நீங்கள் பார்த்ததா?" என்றார்.

இல்லை.
எனக்கு முன்னிருந்தவர் எழுதிய நாற்பது.
அவருக்கு முன்னிருந்தவரும்
இந்த நாற்காலியை விட்டு எழுந்ததாகத் தெரியவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

விரித்துச் சோப்புநீர் தெளித்த நிலையில் இருநூறு:
தொட்டால் விரல் உள்ளே போகிறது. பத்து சதவீதம்.
உருளையில் அடிபட்டு இறுகியவை முந்நூறு. நாற்பது.
மரக்காலில் ஏறி உலர்பவை முந்நூறு:
எண்பது. தட்டினால் கதவுபோல் பதில் சொல்கின்றன.
இருபது, நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
ஆக முந்நூற்று எண்பது.

சுவரில் தாளை வைத்து வகுத்தேன்.
முப்பத்து நான்காயிரத்து இருநூற்று நாற்பது.

"இருநூற்று நாற்பது துக்ரிக்,"
என்றார் லுவ்சன்தோர்ஜ். "இருநூற்று நாற்பது."
அதற்கு ஒரு ரொட்டித் துண்டுகூட வராது.

உருளையருகே நின்ற செவெல்மா
முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டாள்:
"மாதம் எத்தனை மணிக்கு முடிகிறது?"

பன்னிரண்டுக்கு.

"எவ்வளவு குறைகிறது?"

இருபது ஜோடி, என்றேன்.
உடனே திருத்திக்கொண்டேன்: முழு ஜோடி வேண்டியதில்லை.
பத்தில் கிடக்கும் இருநூறும் இருபதுக்கு ஏறினால் போதும்.
நள்ளிரவு வரைக்குமான கூலியும் நீராவியும்
ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்டன.

இருபது என்றால் எது என்று கேட்டாள்.
கைவசம் விதி எதுவும் இல்லை.
"விரல் உள்ளே போகக் கூடாது," என்றேன்.

பிறகு யாரும் பேசவில்லை.
ஆறு பேர், மூன்று மணி நேரம்,
ஒரு பூட்ஸ்கூட முடியாத வேலை.
லுவ்சன்தோர்ஜும் சட்டைக் கையை மடித்துவிட்டு
சோப்புநீரில் இறங்கினார்; திட்டிக்கொண்டே தேய்த்தார்.
நான் பின்னாலேயே போய்
ஒவ்வொன்றிலும் விரலை அழுத்திப் பார்த்தேன்.
உள்ளே போனால் தலையாட்டினேன்,
எடுத்துக்கொண்டுபோய் மறுபடி தேய்த்தார்கள்.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம்.
பதினோரு ஜோடி இன்னும் மிருதுவாக இருக்கிறது.
செவெல்மா என்னைப் பார்க்கிறாள்.
என் விரல் நுனி மரத்துவிட்டது;
அதை வாயில் வைத்து ஊதிச் சூடேற்றுகிறேன்,
பன்னிரண்டாவதை அழுத்துவதற்கு முன்.